முதலில் வந்து சேர்கிறவர்கள்

2019 ஏப்ரல் 25ஆம் திகதி இலங்கைச் சுகாதார அமைச்சு ஒரு திருத்தத்தை வெளியிட்டது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 359 பேர் இறந்ததாக அதுவரை சொல்லப்பட்டிருந்தது. சரியான எண்ணிக்கை ஏறத்தாழ 253 என்றது அமைச்சு. உடல்கள் அவ்வளவு சிதறிப் போயிருந்ததால் சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எண்ணப்பட்டுவிட்டார்கள் என்பது விளக்கம். காயப்பட்டுக் கிடந்தவர்களில் சிலர் பின்னர் இறந்ததால் அந்தத் தொகை மறுபடி உயர்ந்தது வேறு கதை.

அந்த வாரம் பலரும் இதை நிர்வாகக் குளறுபடியாகவே வாசித்தார்கள். ஆனால் அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் கிடந்த வேலையை நினைத்துப் பார்க்க வேண்டும். சட்ட வைத்திய அதிகாரிகளும் சவச்சாலை ஊழியரும் நாட்கணக்கில் நின்று, எந்தக் கை எந்த உடலுக்குரியது என்று பிரித்து, மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுத்து, வெளியே காத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு பெயரைச் சொல்லவேண்டியிருந்தது. அதற்கு முன், கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தின் தரையிலிருந்து அவற்றை யாரோ சேகரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மூச்சிருந்தவர்களை யாரோ தூக்கி வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வேலை அவர்களுடைய மனத்தில் எதை விட்டுச் சென்றது, அதைக் கவனிக்க இந்த நகரத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

அந்தத் திருத்தலம் இருக்கும் கொட்டாஞ்சேனையில் வாழ்கிறவருக்கு அந்தக் காலையை விவரிக்கத் தேவையில்லை. காலை 8.45 மணியளவில், உயிர்த்த ஞாயிறு பூசைக்குக் கூட்டம் நிரம்பியிருந்த நேரத்தில் குண்டு வெடித்தது. முதலில் கைகொடுத்தவர்கள் சீருடை அணிந்தவர்கள் அல்லர். உயிர் தப்பிய பக்தர்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், வீதியில் நின்ற முச்சக்கர வண்டிச் சாரதிகள். பிறகுதான் அம்புலன்ஸ்களும் தீயணைப்புப் படையும் பொலிஸும். அதே காலையில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஹோட்டல்களிலும் குண்டு வெடித்ததால் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவுக்கு நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். பிற்பகலில் தெஹிவளையில் ஒரு வெடிப்பு. தெமட்டகொடயில் வீடொன்றைச் சோதனையிடப் போன பொலிஸார் மூவர் அங்கேயே மாண்டார்கள். மறுநாள், ஏப்ரல் 22ஆம் திகதி, அந்தோனியார் கோயிலுக்கு அருகே நிறுத்தியிருந்த ஒரு வானில் இருந்த குண்டு, அதைச் செயலிழக்கச் செய்ய முயன்றபோது வெடித்தது. அதாவது, வேலை செய்தவர்கள் ஆபத்து முடிந்த இடத்தில் நின்று வேலை செய்யவில்லை. அடுத்தது எங்கே என்று தெரியாமல்தான் செய்தார்கள்.

இவர்களில் யாருக்குப் பாதிப்பு கூடுதல்? சீருடைக்காரர்தான் அதிகம் பார்க்கிறார்கள், ஆகவே அவர்களுக்குத்தான் அதிகம் என்று எண்ணத் தோன்றும். நியூயோர்க்கில் 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு, மீட்புப் பணியில் ஈடுபட்ட ஏறத்தாழ 29,000 பேரை இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு இதற்கு மாறாக இருந்தது. நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய்க்குரிய அறிகுறிகள் மொத்தத்தில் 12.4 வீதத்தினரிடம் இருந்தன. பொலிஸாரிடம் 6.2 வீதம். எந்த அமைப்பையும் சாராமல் தாமாகவே ஓடிவந்து உதவிய தொண்டர்களிடம் 21.2 வீதம். முன்பயிற்சி இல்லாமல், தமக்குப் பழக்கமில்லாத வேலையை, பக்கத்தில் ஒரு குழுவின் துணையின்றிச் செய்தவர்களே அதிகம் நொந்து போயிருந்தார்கள்.

இந்த எண்களைக் கொட்டாஞ்சேனைக்கு அப்படியே பெயர்க்க முடியாது. ஆனால் அவை காட்டும் திசை முக்கியமானது. கொச்சிக்கடையிலிருந்து இரத்தம் வழியும் ஒருவரைத் தன் ஆட்டோவின் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு தேசிய வைத்தியசாலைக்கு ஓடிய சாரதிக்கு மேலதிகாரி கிடையாது. பணிப் பதிவேடு கிடையாது. நாலு நாள் கழித்து “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்க வேண்டிய கடமை உள்ளவர் எவருமில்லை. அவர் ஆட்டோவைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டத் தொடங்கியிருப்பார். முதலில் வருகிறவர்களைப் பற்றிப் பேசும்போது இந்த ஆளை விட்டுவிட்டுப் பேசுவது நமது நகரத்தைப் பற்றிப் பேசுவதாகாது.

கொழும்புக்கு இது முதல் தடவையும் அல்ல. 1987இல் இதே ஏப்ரல் 21ஆம் திகதி புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து 113 பேர் இறந்தார்கள். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி: 91 பேர் சாவு, 1,400 பேர் காயம். அதே ஆண்டு ஜூலை 24இல் தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எண்பதுகளின் நடுவில் இருபது வயதில் தீயணைப்புப் படையில் சேர்ந்த ஒருவர் ஓய்வு பெறும்வரை எத்தனை தடவை இப்படிப் போய்வந்திருப்பார்! வடக்கில் இன்னும் கொடியது நடந்தது. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நேரத்தில், இந்திய அமைதி காக்கும் படையினர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து நோயாளரும் வைத்தியரும் தாதியரும் ஊழியருமாக அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். எஞ்சியவர்கள் அதே விடுதிகளில் மறுபடி நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த ஊரில் இருந்துதான், உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரின் உழைப்பால், மனவடு பற்றிய தமிழ் மருத்துவ எழுத்தே வளர்ந்தது.

இப்படி எழுதிக்கொண்டு போனால் வாசகர் ஒரு முடிவுக்கு வந்துவிடக்கூடும்: குண்டும் சுனாமியும்தான் இவர்களை உடைக்கின்றன, அவை இல்லாத காலத்தில் பிரச்சினை இல்லை என்று. இந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. உலக ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. மனத்தை அரிப்பது பெரும்பாலும் சாதாரண நாட்களின் வேலை. அதைப் புரிந்துகொள்ள வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் போக வேண்டும்.

1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வருவதற்கு முன் கொழும்பில் நெஞ்சுவலி வந்தால் ஆட்டோதான். மாநகர சபையின் தீயணைப்புப் படை 110 இலக்கத்தின் மூலம் அம்புலன்ஸ் சேவையும் நடத்தியது, ஆனால் நகரத்தின் தேவைக்கு அது போதவில்லை. 2016 ஜூலை 28ஆம் திகதி, இந்திய அரசின் நன்கொடையில், 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் சுவசெரிய தொடங்கியது. முதற்குழுவினர் ஹைதராபாத்தில் பயிற்சி பெற்று வந்தார்கள். தமிழ்நாட்டின் 108 சேவையை நடத்தும் அதே அமைப்பின் மாதிரி அது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் அடுத்த கட்டம் தொடங்கி, மொத்தம் 297 வண்டிகளோடு நாடு முழுவதும் விரிந்தது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அதை அரசின் ஒரு மன்றமாக்கியது. கட்டணம் இல்லை. வண்டியில் இரண்டே பேர்: ஒரு சாரதி, ஓர் அவசர மருத்துவ உதவியாளர். அநேகர் இளைஞரும் யுவதிகளும்.

வெள்ளவத்தையில் அவர்களுக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரு தொடர்மாடியிலிருந்து வரும். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். ஏழாம் மாடியில் அம்மா மட்டும், அல்லது அம்மாவும் அப்பாவும். காலி வீதி நெரிசலில் திணறிக்கொண்டிருக்கும். கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் இரு பக்கமும் வாகனம் நிறுத்தியிருப்பார்கள். மெரின் டிரைவ் வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தால் லிப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையாது. கதிரையில் இருத்தித் தூக்க வேண்டும். இதற்கிடையில் வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் “ஏன் இன்னும் ஏத்தேல்லை?” என்று கத்திக்கொண்டிருப்பார். அவருடைய பதற்றம் நியாயமானது. ஆனால் கத்தலைத் தாங்குகிறவர் இருபத்தைந்து வயதுப் பிள்ளை. களுபோவில வைத்தியசாலையில் நோயாளியை ஒப்படைத்த கணத்தில் அந்தக் கதை அவர்களுக்கு முடிந்துவிடும். அம்மா பிழைத்தாரா என்பதை யாரும் அவர்களிடம் சொல்லப்போவதில்லை. அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் வேறு மாதிரி. ஜிந்துப்பிட்டி, ஜம்பட்டா வீதி, புளூமெண்டல் பக்கத்துத் தோட்டங்களில் வீடுகளுக்கு இடையில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்க முடியாத இடங்கள் உண்டு. வண்டியை வெளி வீதியில் விட்டுவிட்டு ஓட வேண்டும். தீயணைப்பு வீரருக்கும் அதே பாடுதான். குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே போவதற்குள் பக்கத்து வீடும் பற்றிவிடும். 2022 செப்டெம்பரில் தொட்டலங்க கஜீமாவத்தையில் பலகை வீடுகள் வரிசையாக எரிந்தபோது இதுதான் நடந்தது. கூட்டம் கூடிவிடும், ஆளுக்கு ஆள் கட்டளையிடுவார்கள், கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். நோயாளி தமிழில் மட்டும் பேசுகிறவராகவும் வந்தவர் சிங்களத்தில் மட்டும் பேசுகிறவராகவும் இருந்தால், “எங்கே நோகுது, எப்ப தொடங்கினது” என்ற இரண்டு கேள்விக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உதவி தேவைப்படும். மொழி தெரியாமல் ஓர் உயிரைக் கையில் வைத்திருப்பதும் ஒரு நெருக்கீடுதான். அரச சேவையில் தமிழ் தெரிந்தவர் பற்றாக்குறையை உரிமைப் பிரச்சினையாக மட்டும் நாம் பேசி வந்திருக்கிறோம். அது அங்கே வேலை செய்கிறவரின் உளநலப் பிரச்சினையுங்கூட.

அழைப்பை எடுக்கிறவரை மறந்துவிடக்கூடாது. 1990க்கும் பொலிஸின் 119க்கும் 110க்கும் பதில் சொல்கிறவர் எதையும் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் கேட்கிறார். ஒரு தாய் குழந்தைக்கு மூச்சில்லை என்று அலறுவதைக் கேட்டுக்கொண்டு, அவளை அமைதிப்படுத்தி, விலாசம் வாங்கி, நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அடுத்த அழைப்பு விளையாட்டுக்கு எடுத்த பொய் அழைப்பாக இருக்கலாம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் திருத்திய நோய் வகைப்பாடு, சம்பவ இடத்தில் நேரில் நின்றவர் மட்டுமல்லாமல், தன் தொழிலின் காரணமாகக் கொடூரமான விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளாகிறவரும் மனவடு நோய்க்கு உள்ளாகலாம் என்று ஏற்றுக்கொண்டது. மனித எச்சங்களைச் சேகரிக்கிறவர்களையே அது உதாரணமாகக் காட்டுகிறது. 1980இல் இந்த நோய் முதன்முதல் அந்த வகைப்பாட்டுக்குள் வந்தபோது வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்தான் எல்லாருடைய கண்முன்னும் இருந்தார். முப்பத்துமூன்று ஆண்டு கழித்து அதே நூலில் அம்புலன்ஸ்காரருக்கும் சவச்சாலை ஊழியருக்கும் இடம் கிடைத்தது.

எவ்வளவு பேருக்கு இந்தப் பாதிப்பு? பல நாடுகளின் அம்புலன்ஸ் ஊழியர் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மனவடு நோய் 11 வீதம், மனச்சோர்வு 15 வீதம், பதகளிப்பு 15 வீதம் என்று கணக்கிட்டது. பத்துப் பேரில் ஒருவருக்கு மேல். இந்த எண்களை இரண்டு விதமாகவும் வாசிக்க வேண்டும். பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். அதே வேளை, பெரும்பான்மையினர் இந்த வேலையைச் செய்துகொண்டே நலமாக இருக்கிறார்கள் என்பதும் இதற்குள் இருக்கிறது. ஆகவே “இந்த வேலைக்குப் போனால் மனம் கெட்டுத்தான் போகும்” என்று விதியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. யார் நொந்து போகிறார், யார் தாங்கிக்கொள்கிறார் என்பதை எது தீர்மானிக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் ஊழியரிடம் நடந்த ஆய்வுகள் இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்டுகின்றன. களத்தில் பார்க்கும் கோரங்கள் ஒரு வகைச் சுமை. அலுவலகம் ஏற்றும் சுமை இன்னொரு வகை: முடியாத பணிமுறை, ஆட்பற்றாக்குறை, நியாயமில்லாத மேலதிகாரி, குறைந்த சம்பளம், பழுதான கருவி, லீவு மறுப்பு. ஊழியரைக் கேட்டால், களத்துக்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம் என்பார்கள். அவர்களை உள்ளூரக் குமுற வைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. தமிழ்நாட்டில் 108 ஊழியர்கள் பல ஆண்டுகளாகப் பன்னிரண்டு மணி நேரப் பணிமுறைக்கு எதிராகப் போராடி வருகிறார்கள். எட்டு மணி நேர வேலை அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. அதை ஊதியப் போராட்டம் என்று மட்டும் பார்ப்பது தவறு. நித்திரை இழந்த மூளைக்குப் பார்த்த கோரத்தைச் செரித்து ஒதுக்கி வைக்கும் திறன் குறைகிறது. பணி நேரப் பட்டியலே ஒரு மருந்து.

இலங்கையில் 2022 இந்த இரண்டாவது வகைச் சுமையை உச்சத்துக்குக் கொண்டுபோனது. எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்ற நாட்டில் வேலைக்கு வந்து சேர்வதே போராட்டமாயிற்று. மருந்து தட்டுப்பாடு. வைத்தியர்களும் தாதியரும் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போனார்கள். நின்றவர்கள் போனவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்து 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது களனி கங்கை பெருகிக் கொழும்பின் ஓரங்களை மூழ்கடித்தது. மீட்புப் பணியில் இருந்த விமானப்படை உலங்கு வானூர்தி ஒன்று லுணுவிலவில் விழுந்து அதன் விமானி உயிரிழந்தார். அந்த நாட்களில் பிறர் வீட்டு வெள்ளத்துக்குள் இறங்கியவர்கள் பலருக்குச் சொந்த வீட்டிலும் வெள்ளம். அவர்களை ஒரே நேரத்தில் மீட்பவராகவும் பாதிக்கப்பட்டவராகவும் பார்க்க நம்முடைய நிவாரணப் பட்டியல்களில் ஒரு நிரல் இல்லை.

இனி இந்த நோவு எப்படி வெளியே தெரிகிறது என்ற கேள்வி. “எனக்கு மனவடு” என்று எவரும் வந்து சொல்வதில்லை. கேட்டால் “பழகிப் போச்சு” என்பார்கள். நெஞ்சு பாரம், தலையிடி, வயிற்றெரிவு, உடம்பு உளைவு என்று உடம்பைப் பற்றிப் பேசுவார்கள்; நமது சமூகத்தில் உளத்துயர் உடல்நோவாகவே வைத்தியரிடம் வந்து சேர்வதை உளமருத்துவர்கள் நீண்ட காலமாக எழுதி வந்திருக்கிறார்கள். நித்திரை வராதவருக்குச் சாராயம் கைமருந்தாகிறது. வீட்டில் சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுவார். பிள்ளையின் வயதில் ஒரு பிணத்தைப் பார்த்தவர் தன் பிள்ளையை வீதியைக் கடக்கவே விடமாட்டார். மனைவிக்கு மாற்றம் தெரியும், காரணம் தெரியாது, ஏனென்றால் வேலையில் பார்த்ததை வீட்டில் சொல்லக்கூடாது என்று அவர் தீர்மானித்திருப்பார். அந்தத் தீர்மானம் அன்பினால் எடுத்தது.

உதவி தேடுவதில் இன்னொரு தடை. தேசிய உளநல நிறுவகம் அங்கொடயில் இருக்கிறது. நம் பேச்சு வழக்கில் அந்த ஊர்ப் பெயரே வசையாகிவிட்டது. சீருடை வேலையில் இருக்கும் ஒருவர் அந்த வாசலில் நின்றதை சக ஊழியர் கண்டால், ஆயுதம் கையில் கொடுப்பார்களா, வண்டி ஓட்ட விடுவார்களா, பதவி உயர்வு கிடைக்குமா என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. நாட்டின் உளநலச் சட்டமும் துணையாக இல்லை. 1873இல் பித்தர் கட்டளைச் சட்டமாக வந்து, 1956இல் பெயர் மாறிய அதே சட்டம்தான் அடிப்படையில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஆளைக் கட்டுப்பாட்டில் வைப்பதற்காக எழுதிய சட்டம் அது. வேலை செய்துகொண்டே சிகிச்சை பெறும் ஒருவரை அது கற்பனை செய்து பார்த்ததே இல்லை.

என்ன செய்யலாம்? இங்கேதான் நல்லெண்ணம் வழி தவறிய ஒரு வரலாறு இருக்கிறது. 1983இல், தாமே தீயணைப்பு வீரராகவும் அம்புலன்ஸ் உதவியாளராகவும் வேலை செய்த ஜெஃப்ரி மிட்சல் என்ற அமெரிக்கர் ஒரு முறையை முன்வைத்தார்: கொடிய சம்பவத்துக்குப் பின் சில நாட்களுக்குள் குழுவினரை ஒன்றாக இருத்தி, பார்த்ததையும் உணர்ந்ததையும் ஒவ்வொருவராகச் சொல்லச் செய்வது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உலகம் முழுவதும் பரவியது. ஆனால் 2002இல் கொக்ரேன் தொகுப்பாய்வு, ஒரே அமர்வில் இப்படிச் செய்வது தனியாட்களின் மனவடு நோயைத் தடுப்பதாகச் சான்றில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்றது. 2005இல் பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் இதை வழமையாகச் செய்ய வேண்டாம் என்றது. குழுவாகச் செய்தால் வேறு என்று ஆதரவாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். என்றாலும், ஆறத் தொடங்காத புண்ணைக் கட்டாயப்படுத்திக் கிளறுவது சிகிச்சை அல்ல என்ற அளவில் ஆய்வாளர் பலரும் ஒத்துப்போகிறார்கள்.

இலங்கைக்கு இந்தப் பாடம் நேரடியாகவே கிடைத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உளவளத்துணையாளர் கூட்டமொன்று வெளிநாடுகளிலிருந்து வந்து இறங்கியது. மொழி தெரியாமல், ஊர் தெரியாமல், சில வாரங்களில் திரும்பிவிடும் திட்டத்தோடு வந்தவர்கள் அநேகர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்வியாளர்கள் சிலர் அப்போதே ஒரு கடிதம் எழுதி எச்சரித்தார்கள்: உயிர் தப்பிய மக்களை உளநோயாளர் கூட்டமாகக் குறுக்கிவிடாதீர்கள் என்று. பேரழிவு நடந்த வாரத்தில் மட்டும் ஓடிவந்து பேச வைப்பதைவிட, ஆறு மாதம் கழித்தும் பக்கத்தில் இருப்பவரே பயன்படுவார் என்பதை அந்த அனுபவம் காட்டியது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் யாரையும் கதை சொல்லக் கட்டாயப்படுத்துவதில்லை. தண்ணீர், ஓய்வு, பாதுகாப்பு, குடும்பத்தோடு தொடர்பு, காது கொடுத்தல் என்று நிறுத்திக்கொள்கிறது.

ஒரு குழுவுக்குள் இருப்பதே மனத்தைக் காக்கிறது என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. ரவீன் ஹன்வெல்ல, வருணி டி சில்வா முதலானோர் போர்க்களத்தில் நின்ற இலங்கைக் கடற்படையினரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரையில், விசேட படையணியினரிடமும் ஏனையோரிடமும் மனவடு நோய் ஏறத்தாழ 2 வீதம் என்று கண்டார்கள். மேற்கு நாட்டுப் படைகளில் காணப்பட்டதைவிட மிகக் குறைவு. படையினர் தம் நோவை வெளியே சொல்லத் தயங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். ஆனாலும், சக வீரரோடு இருந்த பிணைப்பு உளநலத்தைக் காத்தது என்ற அவர்களுடைய கண்டறிதல் பிறநாட்டு ஆய்வுகளோடும் ஒத்துப்போகிறது. இதை வைத்துக்கொண்டு 1990 வண்டியைப் பாருங்கள். இரண்டே பேர், நகரம் முழுவதும் சிதறி. தீயணைப்பு நிலையத்தில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு ஒன்றாகத் திரும்பி வரும் குழுவின் துணை அவர்களுக்கு அமைப்பிலேயே இல்லை. அந்தக் குறையைப் பணி ஒழுங்கினால்தான் ஈடுசெய்ய முடியும்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புச் சேவையில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது. அங்கே உளவளத்துணையாளரை அனுப்பவில்லை. நிலையப் பொறுப்பதிகாரிகளுக்கு நாலு மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள்: கீழே வேலை செய்கிறவரிடம் மாற்றம் தெரிந்தால் எப்படி அணுகுவது, லீவில் இருப்பவரோடு எப்படித் தொடர்பில் இருப்பது. ஆறு மாதத்தில் அவர்களின் கீழ் வேலை செய்தவர்கள் வேலை சார்ந்த நோய்க்காக எடுத்த லீவு குறைந்தது. செலவிட்ட ஒரு பவுணுக்கு ஏறத்தாழப் பத்துப் பவுண் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். பணமில்லாத நாடு இது என்ற பதில் இதற்குப் பொருந்தாது. கொழும்புத் தீயணைப்புப் படைக்கும் சுவசெரியவுக்கும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையங்களுக்கும் இந்த நாலு மணி நேரத்தைக் கொடுக்க வெளிநாட்டு நன்கொடை எதுவும் தேவையில்லை. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் நடத்தக்கூடிய ஆட்கள் நம் பல்கலைக்கழகங்களிலேயே இருக்கிறார்கள்.

நட்டஈட்டுச் சட்டத்தையும் திறக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் நேரும் காயத்துக்கு ஈடு தருகிறது. அதன் அட்டவணை கை, கால், விரல், கண் என்று உறுப்புக்கு உறுப்பு வீதம் போடுகிறது. அந்தக் காலத்து ஆலைத் தொழிலாளிக்காக அது எழுதப்பட்டது, அதில் தவறில்லை. ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2016இல் ஒரு சட்டம் இயற்றி, அம்புலன்ஸ், தீயணைப்பு, பொலிஸ் ஊழியருக்கும் அழைப்பை எடுக்கிறவருக்கும் மனவடு நோய் இருப்பதாக உளமருத்துவரோ உளவியலாளரோ கண்டறிந்தால், அது வேலையால் வந்ததென்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. நிரூபிக்கும் பாரம் நோயாளியின் தோளிலிருந்து இறங்கியது. டொரொன்டோவில் இருக்கும் நம் பிள்ளைகளில் அந்த வேலையில் சேர்ந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. வெள்ளவத்தையில் இருக்கும் அவர்களுடைய அம்மாவை ஏழாம் மாடியிலிருந்து தூக்கி இறக்குகிறவருக்கு இல்லை.

சுவசெரிய மன்றத்திடமும் மாநகர சபையிடமும் பொலிஸ் திணைக்களத்திடமும் கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. குழந்தைச் சாவு போன்ற ஓர் அழைப்புக்குப் பிறகு அந்த வண்டிக்கு அரை மணி நேரமாவது அடுத்த அழைப்பைக் கொடுக்காதீர்கள். கொண்டுபோய்ச் சேர்த்த நோயாளி என்ன ஆனார் என்பதை ஊழியருக்குச் சொல்ல ஒரு வழி செய்யுங்கள். உளவளத்துணை தேடியவரின் பெயர் அவருடைய பணிக் கோவைக்குள் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். பேரனர்த்தம் நடந்தால், ஓடிவந்து உதவிய பொதுமக்களின் பெயரையும் பதிந்து, ஒரு மாதம் கழித்துத் தேடிப்போய் விசாரியுங்கள். கொச்சிக்கடையில் இதைச் செய்ய அந்தோனியார் கோயில் பங்கும் ஆட்டோச் சங்கமுமே போதும்.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தொடர்மாடியின் லிப்ட் ஸ்ட்ரெச்சரை ஏற்குமா, அம்புலன்ஸ் திரும்ப இடமுண்டா என்பதை நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். ஒழுங்கையில் நிறுத்திய வாகனத்தை எடுங்கள். வந்து நிற்கிற பிள்ளையிடம் கத்தாதீர்கள்; அம்மா பிழைத்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். இந்த வேலையில் இருக்கும் ஒருவர் இதை வாசிக்கிறார் என்றால், தேசிய உளநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. அரச நிறுவனத்தோடு பேசத் தயக்கம் என்றால் 1333 இருக்கிறது. 1974இலிருந்து கொழும்பில் இயங்கிவரும் சுமித்ரயோ அமைப்பும் இருக்கிறது. பெயர் சொல்லாமலும் பேசலாம்.